ஏரிக்கரை வழியே ஒரு மிதிவண்டிப் பயணம்: செங்கற்பட்டுச் சீமையின் நீர் வரலாறு



தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா செல்லும் நம் மலேசியக் குடும்பங்கள் தவறாமல் கால்பதிக்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது சென்னைத் தியாகராய நகர்தான். புடவைக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று மூன்று நாள்கள் அங்கேயே கழிந்துவிடும். அந்தக் கடைத்தெரு நிற்கும் நிலம் நூறாண்டுகளுக்கு முன்னர் ஓர் ஏரியாக இருந்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒன்றன்பின் ஒன்றாய் நீண்டு கிடந்த அந்நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். 1920களில் அதனைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பே தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயருடைய தெரு இன்றும் இருக்கிறது. ஏரியைத்தான் காணோம்.

சென்னையைக் கடந்து தெற்கே போனால், தூர்க்கப்படாத ஏரிகள் இன்னும் இருக்கின்றன. பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற்கு 'ஏரி மாவட்டம்' என்றே ஒரு பெயர் வழங்கி வந்தது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. பின்னர் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் ஏரிகள் அவ்வெல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரை அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் வடமேற்கிலும் ஓர் ஏரி மாவட்டம் உண்டு. யுனெஸ்கோ 2017இல் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மிதிவண்டிப் பயணத்துக்கென்றே 1878இல் சங்கம் அமைத்த நாடு அது. இன்றும் அந்த ஏரிகளைச் சுற்றி மிதிவண்டியில் வலம்வருவோர் ஏராளம். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்குள்ள ஏரிகளைத் தோண்டியவை பனியாறுகள்; பனியூழிக் காலத்தில் மலைச்சரிவுகளைக் குடைந்து சென்ற பனிப்பாளங்கள். செங்கற்பட்டின் ஏரிகளைத் தோண்டியவை மனிதக் கைகள். மண்வெட்டியும் கூடையும் கொண்டு கரை எழுப்பி, மழைநீரை மறித்து உண்டாக்கியவை. ஆகவே அவை இயற்கைக் காட்சிகள் மட்டுமல்ல, வரலாற்று ஆவணங்களும் ஆகும்.

இவற்றைக் காண மகிழுந்தைவிட மிதிவண்டியே சிறந்தது என்பது என் கருத்து. இதற்குக் காரணம் உண்டு. மிதிவண்டி என்றதும் நம் நாட்டு வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருவது போர்தான். 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படையினர் மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்து, 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதையும் கடந்துவிட்டனர். நம் கூலாயும் அந்த நெடுஞ்சாலையில் அமைந்த ஊரே. பெரிய வண்டிகள் நுழையவியலாத தோட்டப் பாதைகளிலும் மிதிவண்டி நுழைந்தது. ஏரிக்கரைகளுக்கும் அதே பொருந்தும். ஆனால் என் காரணம் வேறு. அந்நிலம் கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றும். மகிழுந்தில் செல்பவர் அதனைச் சமதளம் என்றே எண்ணிக் கடந்துவிடுவார். மிதிப்பவருடைய முழங்காலுக்கு மட்டும், மேற்கே போகப் போக நிலம் மெல்ல உயர்வது தெரியும். கடலை நோக்கிச் சரியும் அந்தச் சிறு சரிவை நம்பித்தான் அத்தனை ஏரிகளும் அமைந்துள்ளன. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. இதனை 'ஏரிச் சங்கிலி' என்பர்.

நான் பரிந்துரைக்கும் வழி மதுராந்தகத்தில் தொடங்கி, வேடந்தாங்கல், கரிக்கிலி வழியாக உத்திரமேரூரில் முடிகிறது. மொத்தம் 40 கிலோமீட்டர் அளவே வரும். செங்கற்பட்டிலிருந்தே தொடங்கலாம், அங்கே புகைவண்டிப் பாதையை ஒட்டி விரிந்து கிடக்கும் கொளவாய் ஏரியும் காணத்தக்கதே. ஆயினும் அங்கிருந்து மதுராந்தகம் வரை பாலாற்றுப் பாலத்தைக் கடந்து செல்லும் திருச்சி நெடுஞ்சாலை, பேருந்துகளும் சரக்குந்துகளும் பறக்கும் சாலை. பிள்ளைகளுடன் செல்வோர் அப்பகுதியைப் புகைவண்டியிலேயே கடந்துவிடுவது நல்லது.

மதுராந்தகம் ஏரி அவ்வட்டாரத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. மதுராந்தகன் என்பது உத்தம சோழனின் பட்டப்பெயர். ஊரும் ஏரியும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. கரையடியில் உள்ள இராமர் கோயிலுக்கு 'ஏரிகாத்த இராமர் கோயில்' என்று பெயர். அப்பெயருக்குக் காரணமானவர் ஓர் ஆங்கிலேயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் என்பவரே அவர். அடிக்கடி உடையும் ஏரிக்கரையைச் செப்பனிட்ட அவரிடம், தாயார் சன்னிதி கட்டப் பொருள் வேண்டும் என்று கோயிலார் கேட்டார்களாம். முதலில் அவர் இசையவில்லை. பெருமழை பெய்த ஓரிரவில் கரை உடையுமோ என்று அஞ்சிப் பார்க்கச் சென்றபோது, வில்லேந்திய இளைஞர் இருவர் கரைமேல் காவல் நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லை, சன்னிதி எழுந்தது. அவர் செய்த திருப்பணியைக் கூறும் கல்வெட்டு அக்கோயிலில் உண்டு.

பக்திக் கதை என்ற வகையில் இதனை நான் மதிக்கிறேன். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்பார்கள். ஆனால் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், கதையில் இல்லாதவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். ஆட்சியர் இருக்கிறார், கோயிலார் இருக்கின்றனர், இறைவன் இருக்கிறார். கரைக்கு மண் சுமந்தவர் யாரும் இல்லை.

மதுராந்தகத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல். பறவைகள் சரணாலயம் என்பதால் பலர் அறிந்த ஊர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். இங்கும் அதே பிளேஸ் வருகிறார். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காத ஊர்மக்கள் அவரிடம் முறையிட, 1798 வாக்கில் பறவைகளுக்குக் காப்புத் தந்து அவர் ஓர் ஆணை வழங்கினார். ஊரார் முறையிட்டதன் காரணத்தைக் கவனியுங்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. எரு வாங்கும் செலவில்லை. அன்பும் கணக்கும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. 1936இல் அரசு முறையாக ஏற்ற இச்சரணாலயமும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. கரிக்கிலியில் கூட்டம் குறைவு. அங்கே சற்று இளைப்பாறலாம்.

அங்கிருந்து மேற்கே உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். மதுராந்தகம் ஏரிக்கு நீர் வரும் திசையை எதிர்த்து மிதித்துக்கொண்டே வந்திருக்கிறோம் என்பதை அப்போது கால்கள் சொல்லும். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் 'வைரமேக தடாகம்' என்று பெயர் பெற்ற ஏரி அவ்வூரினுடையது. வைரமேகன் என்பது அவனது பட்டப்பெயர்.

உத்திரமேரூர் என்றதும் நாம் எல்லாரும் குடவோலையைச் சொல்வோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டு, ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சிறுவனை ஏன் தேர்ந்தார்கள் என்று நான்காம் ஆண்டு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், சரியான விடையைச் சொல்வார். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம், அதில் அறுவர். ஓராண்டுப் பணி. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் நிற்கவியலாது. ஏரியைத் தூர்வாருவதற்கென்றே பொன்னும் நெல்லும் நிலமும் முதலாக வைக்கப்பட்டதைத் தமிழகத்தின் பல கல்வெட்டுகள் பேசுகின்றன. ஏரியை ஊரே பேணியது என்ற பெருமைக்குச் சான்று இது.

ஆனால் அதே கல்வெட்டை முழுதும் படிக்க வேண்டும். போட்டியிட 35 முதல் 70 வயது, வரிகட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. அது பிராமணச் சபை. பெண்களுக்கு இடமில்லை; நிலமற்றவருக்கும் இடமில்லை. வைரமேக தடாகத்தின் சேற்றை வாரிச் சுமந்த எவருடைய பெயரும் அந்தக் குடத்திற்குள் போயிருக்க வாய்ப்பில்லை. 'உலகின் முதல் மக்களாட்சி' என்று மேடையில் முழங்குவதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். பெரிய சாதனைதான். அதன் அளவை அறிந்து பாராட்டினால் போதும்.

மதகைத் திறந்து, வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சிய ஊழியருக்கு நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவரே. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர்கள் நினைவில் இருந்தது; நிலம் மட்டும் அவர்களிடம் இல்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மழை பொய்த்து ஏரிகள் வறண்டபோது, சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். நிலமற்ற கூலிகளே முதலில் விழுந்தனர். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். சொந்த மனைகூட இல்லாத அவர்களுடைய அடிமை வாழ்வை அரசுக்கு எடுத்துரைத்த அறிக்கை அது. அதன் விளைவாகவே 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்று இன்றும் பேசப்படுவது அதுவே.

அந்த நிலம் கிட்டாதவர் பலர் கப்பலேறினர். சென்னைக்கு அருகில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களின் வழியே மலாயாவுக்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அவ்வருகை தொடர்ந்தது. ஜொகூர்த் தோட்டங்களில் அவர்கள் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். காடழித்தனர், வாய்க்கால் வெட்டினர், மண் அணைத்தனர். மண்ணையும் நீரையும் கையாளும் அறிவு தலைமுறை தலைமுறையாய் அந்தக் கைகளில் இருந்தது. 'கூலி' என்ற ஒரு சொல்லுக்குள் அது முழுவதும் மறைந்துபோயிற்று.

என் தாத்தாவும் அவ்வாறு வந்தவரே. "உங்கள் ஊர் எது தாத்தா?" என்று கேட்டால், "ஏரிக்கரை" என்பார். ஊர்ப் பெயரே அதுதான் என்று நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். மதுராந்தகம் வட்டம் என்பது மட்டும் ஒரு பழைய தாளிலிருந்து தெரிந்தது. அங்கே சென்று பார்த்தால் திரும்பிய பக்கமெல்லாம் ஏரிக்கரை!

செல்ல விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள். மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். சித்திரையில் போனால் வெடித்த சேற்றையும் மேயும் மாடுகளையும்தான் காண்பீர்கள். மிதிவண்டி கிடைக்குமா என்ற கவலை வேண்டா. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் மாநிலம் அது. ஊருக்கு ஊர் பழுதுபார்க்கும் கடை உண்டு. கடைக்காரரிடமே கேட்டால் வாடகைக்கு வழி சொல்வார். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வேடந்தாங்கலை அடைந்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு புட்டியாவது வேண்டும். உத்திரமேரூருக்குப் புகைவண்டி கிடையாது. செங்கற்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பேருந்து உண்டு.

வீட்டில் பழைய கடப்பிதழோ, குடிநுழைவுத் தாளோ இருந்தால், அதிலுள்ள வட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப் பெயரை அங்குள்ள தேநீர்க்கடைப் பெரியவர்கள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து, எந்த ஏரிக்குக் கீழே உள்ள ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.