கருமுட்டையின் வாயிலில் வெள்ளணுக்கள்

1672ஆம் ஆண்டு நெதர்லாந்து மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப், சினைப்பையில் நீர் நிறைந்த சிறு குமிழ்கள் இருப்பதை விரிவாக விவரித்தார். அவற்றையே முட்டைகள் என்று அவர் கருதினார். முட்டை என்பது அக்குமிழுக்குள் தங்கியிருக்கும் நுண்ணிய செல் என்பதை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டறிந்தார். முட்டையைத் தாங்கும் குமிழ் இன்று நுண்ணறை எனப்படுகிறது.

நுண்ணறையின் சுவர் எவ்வாறு திறக்கிறது? உள்ளே நீரின் அழுத்தம் மிகுந்து வெடிக்கிறது என்பதே நெடுங்காலம் கூறப்பட்ட விடை. 1963இல் அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் எஸ்பி, தம் சக ஆய்வாளருடன் முயல்களில் அவ்வழுத்தத்தை அளந்தார். முட்டை வெளிவரும் வேளையிலும் அழுத்தம் உயரவில்லை. 1972இல் மற்றொரு சான்று கிடைத்தது: அழற்சியைத் தணிக்கும் இண்டோமெதசின் மருந்து எலிகளில் முட்டை வெளிவருவதைத் தடுத்தது. 1980இல் எஸ்பி தம் கருதுகோளை வெளியிட்டார். முட்டை வெளிவருதல் என்பது ஓர் அழற்சி வினை. காயம்பட்ட இடத்தைப் போலவே அங்கும் குருதி பெருகுகிறது, திசு வீங்குகிறது, சுவரின் இழைகள் கரைகின்றன என்றார்.

அழற்சி எனில் வெள்ளணுக்களும் அங்கு இருத்தல் வேண்டும். 1991இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், உடலுக்கு வெளியே உயிர்ப்புடன் வைக்கப்பட்ட எலியின் சினைப்பையில், லூட்டினைசிங் ஹார்மோனுடன் வெள்ளணுக்களையும் செலுத்தினர். வெளிவந்த முட்டைகளின் எண்ணிக்கை கூடியது. 1995இல் மற்றோர் ஆய்வில் நியூட்ரோஃபில் அணுக்கள் குறைக்கப்பட்டபோது அவ்வெண்ணிக்கை குறைந்தது.

மனிதரில் இதனை ஆராய வழிவகுத்தது செயற்கைக் கருத்தரிப்பு. 1978 ஜூலை 25 அன்று பிறந்த லூயிஸ் பிரவுன், இயற்கைச் சுழற்சியில் முதிர்ந்த ஒரே முட்டையிலிருந்து உருவானவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த குழந்தைக்காக, மருத்துவர் சுபாஷ் முகர்ஜி ஹார்மோன் ஊசியால் பல நுண்ணறைகளை முதிரச் செய்திருந்தார். வாழ்நாளில் உரிய ஏற்பைப் பெறாமலேயே 1981இல் அவர் மறைந்தார். ஹார்மோன் தூண்டலோ பின்னர் உலகெங்கும் பொது நடைமுறையாயிற்று. முட்டையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நுண்ணறை நீர், பெண்களின் இசைவுடன் ஆய்வுக்கூடங்களை அடைந்தது. அதில் மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் காணப்பட்டன. எனினும் ஊசி குத்தும்போது கலக்கும் குருதியிலிருந்து வந்தவை எவை, நுண்ணறையிலேயே இருந்தவை எவை எனப் பிரித்தறிவது இன்றும் இத்துறையின் இடர்ப்பாடாகவே உள்ளது.

இவ்வரலாறு நிகழ்காலத்துக்கும் உரியது. நோய் எதிர்ப்பாற்றலை அடக்கினால் கரு பதியும் வாய்ப்பு உயரும் என்று கூறி, ஸ்டீராய்டுகளும் இன்ட்ராலிப்பிட் கரைசலும் பல இடங்களில் தம்பதியருக்குக் கூடுதல் செலவில் அளிக்கப்படுகின்றன. இவற்றை வழக்கமான சிகிச்சையாக அளிக்க வேண்டாமென ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது. வெள்ளணுவைக் கருவின் பகையாக மட்டும் காண்போர் எஸ்பியின் கருதுகோளை மறந்துவிடுகின்றனர். முட்டைக்கு வழி திறப்பதிலும், திறந்த புண் ஆறி மஞ்சள் உடலமாக மாறுவதிலும் அவ்வணுக்களுக்குப் பங்கு உண்டு. எந்த அணுவை, எப்போது, எதற்காக அடக்க வேண்டும் என்று மருத்துவரிடம் வினவும் உரிமை சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.