யார் இடுப்பில் இருந்தால் அது ஆயுதம்?

தாத்தா விட்டுப்போன மடக்குக் கத்தியை, அதன் தோல் உறையோடு, கூடவே வைத்துக்கொள்ளலாமா? நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் இளைஞர்களோடு வேலை செய்யும் எங்களிடம் இந்தக் கேள்வி பலமுறை வந்திருக்கிறது. கேட்பவர்கள் வம்புக்கு அலைகிறவர்கள் இல்லை. ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். வீட்டில் யாரோ ஒருவர் செருப்புத் தைத்தார், யாரோ ஒருவர் மாட்டுத்தோல் உரித்தார், யாரோ ஒருவர் வெற்றிலைப் பையில் வைத்திருந்தார். அந்தப் பொருள் இப்போது பேரன் கையில் இருக்கிறது.

"முன்னோர் சொத்தை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். "ராத்திரி வெளிவட்டச் சாலையில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் யார் பதில் சொல்வது?" என்று இன்னொருவர் கேட்பார். இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஆனால் பதில் கத்தியின் நீளத்தில் மட்டும் இல்லை. இந்த நாட்டில் யார் எதை இடுப்பில் செருகலாம் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

எழுத்தாணியும் ஒரு கத்திதான்

மடக்குக் கத்தி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறு பக்கம் ஓலையை வாரும் சிறு கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். கணக்கு எழுதுகிறவர்கள் அதை உறையிட்டு எடுத்துப்போவார்கள். பிற்காலத்தில் வந்த பேனாக்கத்தியும் பெயரிலேயே எழுத்தைச் சுமக்கிறது. இறகுப் பேனாவைச் சீவ வந்த கத்தி அது.

ஆக, நம் மண்ணில் பையில் வைக்கும் கத்திக்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. அது படித்தவரின் அடையாளமாக இருந்தது. அந்த மரியாதை யாருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. 1931 ஜூனில் அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பவையும் அதில் சேர்ந்தன. சாதியம் பற்றிய ஆய்வு நூல்களில் இவை வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். குடையும் செருப்பும் யாரையும் குத்தாது. ஆனாலும் தடை வந்தது. ஒரு பொருளால் ஆபத்து வருமா என்று அவர்கள் பார்க்கவில்லை. அதை வைத்திருப்பவர் நிமிர்ந்து நடப்பாரா என்றுதான் பார்த்தார்கள். அரிவாளும் கத்தியும் அந்தப் பட்டியலில் இல்லை. அறுவடைக்கும் விறகுக்கும் தோலுக்கும் அவை நம் கையில் இருந்தாக வேண்டும். வேலைக்குக் கத்தி தரலாம், அடையாளத்துக்குச் செருப்புகூடத் தரக்கூடாது. இதுதான் சாதியின் கணக்கு.

உறை தைத்தவர் யார்?

கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உறையைப் பற்றிப் பேசுவதில்லை. வாளுக்கும் கத்திக்கும் உறை, குதிரைக்குச் சேணம், ஏற்றத்துக்குத் தோல்சால் எல்லாமே செத்த மாட்டின் தோலிலிருந்து வந்தவை. அதை உரித்து, ஊறவைத்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, குத்தூசியால் தைத்துக் கொடுத்தவர்கள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். உறை மட்டும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனது.

சென்னை இந்தத் தொழிலால் வளர்ந்த நகரம். பெரியமேட்டில் தோல் மண்டிகள். 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் நடத்திய குரோம் பதனீட்டுச் சோதனைகள். அதன் தொடர்ச்சியாகப் பல்லாவரம் அருகே வந்த குரோம் லெதர் கம்பெனி. அந்தக் கம்பெனியால் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலுக்கு ஆராய்ச்சியும் ஏற்றுமதியும் வந்தன. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கால்களுக்கு அந்தப் பெருமையில் எவ்வளவு பங்கு வந்தது என்று தோல் ஷாப்பில் வேலை செய்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும். பேரன் கையில் இருக்கும் உறையை அந்தக் குடும்பங்களின் உழைப்புக்கு ஆவணமாகவும் பார்க்க வேண்டும்.

பறித்தவர்களும் விலக்குப் பெற்றவர்களும்

பாளையக்காரர் போர் முடிந்த 1801 டிசம்பரில் கம்பெனி அரசு தென்மாவட்டங்களில் ஆயுதங்களுக்குத் தடை போட்டது. 1857-க்குப் பிறகு நாடு முழுக்க ஆயுதப் பறிப்பு நடந்தது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு, இந்தியர்களுக்கு உரிமம். தேசிய இயக்கம் இதை அவமானம் என்று சொன்னது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

ஆனால் எல்லா இந்தியருக்கும் ஒரே தடை இருக்கவில்லை. குடகு நாட்டைப் பாருங்கள். 1857-ல் அரசுக்கு விசுவாசமாக இருந்ததற்காகக் குடகர்களுக்கு 1861-ல் ஆயுதப் பறிப்பிலிருந்து விலக்குக் கிடைத்தது. அவர்கள் விழாக்களில் இடுப்பில் செருகும் 'பீச்செகத்தி' வெள்ளி வேலைப்பாடு கொண்ட உறையோடு படங்களில் பார்க்கலாம். சுதந்திர இந்தியாவிலும் அந்த விலக்குத் தொடர்கிறது. 2019-ல் மத்திய உள்துறை அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. விலக்கு குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும். அந்த மண்ணின் காப்பித் தோட்டங்களில் உழைக்கும் எரவர், பணியர் போன்ற மக்கள் அந்த இரண்டு வரையறைக்கும் வெளியே நிற்பவர்கள்.

சீக்கியர்களின் கிர்பான் வேறு வகை. அதற்காக அவர்கள் காலனிய அரசோடு போராடினார்கள். பிறகு அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவின் விளக்கத்திலேயே கிர்பான் அணிவது சமய உரிமை என்று எழுதப்பட்டது. அது சமயத்தின் பெயரால் கிடைத்த உரிமை. குடகர்களுக்குக் கிடைத்தது இனத்தின், நிலத்தின் பெயரால். இரண்டையும் எதிர்ப்பது நம் வேலை அல்ல. ஆனால் 'பாரம்பரியம்' என்ற சொல் தானாக உரிமை ஆகாது. அரசு யாருடைய பாரம்பரியத்தை ஏற்கிறதோ அவருக்கே அது உரிமை ஆகும் என்பதை இரண்டும் நமக்குச் சொல்லித்தருகின்றன. தோல் வெட்டியவனின் கத்தியைப் பாரம்பரியம் என்று எந்த அரசாணையும் இதுவரை அழைத்ததில்லை.

நம்மவர்கள் ஆயுதம் ஏந்தியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெட்ராஸ் சேப்பர்ஸ் படையிலும் மெட்ராஸ் பயனியர்ஸ் படையிலும் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 'போர்க்குடிகள்' என்ற கொள்கை வந்த பிறகு தென்னாட்டவருக்குப் படையில் இடம் சுருங்கியது. மகர்களைச் சேர்ப்பது 1892-ல் நிறுத்தப்பட்டது. 1941-ல்தான் மகர் ரெஜிமெண்ட் உருவானது. பரமக்குடி இம்மானுவேல் சேகரனும் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்தான். சீருடையில் நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்தவர், ஊரில் சமமாக உட்கார்ந்து பேசியதற்காக 1957 செப்டம்பர் 11 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்.

அம்பேத்கர்: 1936-லும் 1948-லும்

'சாதி ஒழிப்பு' நூலில், 1936-ல், அம்பேத்கர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். இத்தனை கொடுமையையும் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? சதுர்வருணம் அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் சேர்த்தே பறித்தது, கிளர்ந்தெழ வழியே இல்லாமல் செய்தது என்பது அவருடைய பதில்.

இதைப் படித்துவிட்டு, "பாருங்கள், அம்பேத்கரே ஆயுதம் கேட்டார்" என்று சில தம்பிகள் வருவார்கள். அவர்களுக்கு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கராச்சித் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி, ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அதை எதிர்த்துப் பேசியவர் அம்பேத்கர். ஆளாளுக்கு ஆயுதம் வாங்க உரிமை இருந்தால் அரசு எப்படி நடக்கும் என்று கேட்டார். திருத்தம் தோற்றது. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடும் உரிமையைத்தான் தந்தது.

இரண்டும் முரண்பாடு என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆயுதமில்லாத மக்கள் மேல் ஆயுதம் உள்ளவர்கள் நடத்தும் ஆட்சிதான் சாதி என்பது முதல் பேச்சு. கிராமத்தில் எல்லோருக்கும் ஆயுதம் என்றால் நிலமும் பணமும் ஆளும் உள்ளவனுக்கே அதிக ஆயுதம் சேரும் என்பது நமக்குத் தெரிந்த நடப்பு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று விவசாயக் கூலிகளிடம் அரிவாள் இல்லாமலா இருந்தது? 44 உயிர்களை அது காக்கவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கென்றே செய்தவை அதில் வராது. அந்த ஆயுதங்களுக்கும், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில்தான் 4-வது பிரிவின்படி உரிமம் தேவை. எழுத்தின்படி பார்த்தால், உள்ளங்கையில் அடங்கும் மடக்குக் கத்தியும் தோல் வெட்டும் கத்தியும் சாதாரணமாகக் குற்றப் பொருள் அல்ல.

ஆனால் வண்டியை நிறுத்துகிறவர் அளவுகோல் கொண்டுவருவதில்லை. பெயர், தெரு, தலைமுடி, சட்டையில் இருக்கும் நீலம் எல்லாவற்றையும் பார்க்கிறார். முகவரியைக் கேட்ட பிறகு குரல் மாறுவதை எங்களோடு இருக்கும் பிள்ளைகள் நேரில் கண்டிருக்கிறார்கள். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் விஜயந்தாவும் அர்ஜுனும் உருவானதில் பெருமைப்படும் பகுதி இது. இங்கே ஒரு பேனாக்கத்தி ஒரு பையனை நன்னடத்தைப் பிணை வழக்குக்குள் இழுத்துவிட முடியும். அப்படித் தொடங்கும் கோப்பு அடுத்தடுத்துப் பெருத்து, 12 மாதம் விசாரணையின்றி அடைக்கும் குண்டர் சட்டம் வரை போன கதைகள் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு.

போராட்டத்தில் இது இன்னும் கடுமை. சட்டவிரோதக் கூட்டம் என்று காவல்துறை சொல்லிவிட்டால் தண்டனை ஆறு மாதம் வரை. கொல்லும் ஆயுதம் இருந்தது என்று சேர்த்தால் இரண்டு ஆண்டு வரை. பாரதிய நியாய சன்ஹிதா 191-ன்படி கலகம் என்றால் இரண்டு ஆண்டு, ஆயுதத்தோடு கலகம் என்றால் ஐந்து ஆண்டு வரை. கூட்டத்தில் ஒருவர் செய்ததற்கு, பொது நோக்கம் என்று சொல்லி எல்லோரையும் பொறுப்பாக்கும் 190-வது பிரிவும் இருக்கிறது. அங்கே ஒரு தம்பியின் பையில் இருக்கும் கத்தி, பக்கத்தில் பதாகை பிடித்து நிற்கும் தங்கையின் வழக்கையும் சேர்த்து மாற்றிவிடும்.

நாம் மறந்துபோன விதி

ஆயுதம் பற்றி நமக்காகவே எழுதப்பட்ட ஒரு விதி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில், 3-வது விதி. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவை என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்துசெய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

முதலில் தாக்குகிறவனின் ஆயுதத்தை எடு, தேவையென்றால் தாக்கப்படுகிறவனுக்குப் பாதுகாப்புக் கொடு என்பதே இதன் வரிசை. 1936-ல் அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்குச் சட்டமொழியில் வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். உங்கள் மாவட்டத்தில் இந்த விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நூறு பேர் இடுப்பில் கத்தி செருகுவதைவிட அந்த ஒரு மனுவுக்கு அதிகாரிகள் பயப்படுவார்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

எங்கள் முடிவைச் சொல்கிறோம். தொழிலுக்கு வேண்டிய கத்தியைத் தயங்காமல் எடுத்துப்போங்கள், ஆனால் மற்ற கருவிகளோடு பையில் இருக்கட்டும். வேலை செய்யும் இடத்தின் அட்டையோ ரசீதோ கூடவே இருக்கட்டும். கூட்டம், ஊர்வலம், நீதிமன்றம், காவல் நிலையம் எங்கேயும் கத்தி வேண்டாம். தோழமைக்காக அந்த ஒரு கட்டுப்பாடு. பாதுகாப்புக்கு என்று இரவில் எடுத்துப்போவதும் வேண்டாம். உங்களைக் காப்பதற்கு முன் உங்களையே குற்றவாளியாக்கும்.

யாராவது கைப்பற்றினால் மகஜர் கேளுங்கள். கத்தியின் நீளமும் அகலமும் அதில் எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதையும் கேளுங்கள். வாக்குவாதம் வேண்டாம், உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

தாத்தாவின் கத்தியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, உறையோடு வீட்டில் வையுங்கள். அது எந்த ஷாப்பில், என்ன கூலிக்கு, யாருடைய செருப்பைத் தைத்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். ஓலை வாரிய கத்திகள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கின்றன. தோல் வாரிய கத்திகளின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.