மலைநாட்டாரும் வாக்குரிமையும்

தேர்தல் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன மேடைகளும், ஒலிபெருக்கிகளும், சுவரொட்டிகளும், இறுதியில் ஒரு சீட்டில் நாம் இடும் புள்ளடியுமே. ஆனால் வாக்களித்தல் ஒரு நாட் காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும் காரியமன்று. நம் மலைநாட்டு மக்களின் சென்ற நூறாண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், அவர்கள் வாக்குரிமையை இழந்தது பெயர்ப் பட்டியலிலும் பத்திரங்களிலும் என்பது தெற்றென விளங்கும். மீண்டும் பெற்றதும் அவ்வாறே. வரவிருக்கும் தேர்தலுக்கு ஆயத்தமாகும் வாலிபர் ஒவ்வொருவரும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

தேர்தலின் தொன்மையைப் பேசும்போது உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவது நம்மவர் வழக்கம். 10ஆம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில், ஓலை நறுக்குகளிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. பெருமைப்படத் தக்க செய்திதான். ஆயினும் அக்குடத்தில் எவர் பெயர் இடப்பட்டது என்றும் கேட்டல் வேண்டுமன்றோ? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், கல்வியும் உடையவன் பெயரே இடப்பட்டது. நிலமற்றவன் பெயருக்கு ஓலை இல்லை. எனவே எந்தத் தேர்தலைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எவர் பெயர் குடத்துள் இருந்தது என்பதாகும்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களிற் கோப்பியும், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையும் பயிரிடத் தொடங்கினர். அத்தோட்டங்களை உருவாக்கத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரின் வாழ்வு முழுவதும் காகிதத்தால் ஆளப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டம் விட்டுத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. அம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்றாட உழைப்போ செக்ரோலில் ஏறும் பெயரைப் பொறுத்தது. தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்றே சொல்வர். பாதி நாளுக்கு ‘அரைப் பேர்’. புத்தகத்திற் பேர் விழாவிட்டால் பட்ட பாடு கணக்கில் இல்லை என்பதை எழுத்தறியாத பாட்டியும் அறிவாள். தேருநர் இடாப்பும் அத்தகைய ஒரு புத்தகமே.

1927இல் இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு, சர்வசன வாக்குரிமையை 1928இல் விதந்துரைத்தது. பெண்களுக்கு முதலில் 30 வயதெனக் குறிக்கப்பட்டது. பின்னர் இருபாலார்க்கும் 21 என்றாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்படப் பெருந் தலைவர் பலர் இதனை எதிர்த்தனர். அவ்வேளையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆணைக்குழுவின் முன் சென்றவர்களுள் ஒருவர் நம் கண்டியைச் சேர்ந்த அக்னெஸ் த சில்வா அம்மையார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று ஆணையாளர் வினவ, அவர்களும் பெண்களே, ஆதலின் வேண்டும் என அவர் தயங்காது விடையிறுத்தார். பிரித்தானியாவிலே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்றதே 1928இலேதான். இந்தியா முழுவதும் வயது வந்தோர் யாவரும் வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் 1951–52இல் நடந்தது. நாமோ 1931இலேயே அவ்வுரிமையைப் பெற்றோம்.

பெற்றோம் என்றாலும் முழுமையாகப் பெற்றோமில்லை. இந்தியத் தொழிலாளர் இடாப்பில் இடம்பெற இந்நாட்டையே நிலையான வதிவிடமாகக் கொண்டமையைக் காட்டவோ, நிரந்தரக் குடியேற்றத்துக்கான அத்தாட்சி பெறவோ வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1931இல் அட்டனிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சருமானார். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கற்றவர் அவர். 1936இல் அதே அட்டனில் கோ. நடேசய்யர் வெற்றி பெற்றார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந் தோட்டமாகச் சென்று பாடல்களாலே மக்களைத் தட்டியெழுப்பினார். எழுத்தறியாதவரும் வாக்களிக்கும் பொருட்டு, அக்காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறமும் அந்நிறப் பெட்டியும் ஒதுக்கப்பட்டன. 1936இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 45 ஆயிரமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை 1939இல் 2 இலட்சத்து 25 ஆயிரமாக உயர்ந்தது. பின்னர் பதிவு விதிகள் இறுக்கப்பட்டதும் 1943இல் அது 1 இலட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் மக்கள் மறைந்துபோகவில்லை, பெயர்களே மறைந்தன.

இங்கே நடுநின்று ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். கண்டியச் சிங்கள மக்களின் அச்சம் வெறுங் கற்பனையன்று. 1840ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்தின் பின் அவர்களுடைய மேட்டு நிலங்கள் தோட்டங்களாயின. தம் தொகுதிகளும் தோட்ட வாக்குகளாற் கைநழுவிப் போகுமோ என அவர்கள் அஞ்சினர். ஆனால் நிலத்தை எடுத்தவன் துரை. வாக்கை இழந்தவனோ அந்நிலத்திற் கூலிக்கு உழைத்தவன். 1937இல் கிராமச் சபைத் தேர்தல்களிலிருந்து இந்தியத் தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டது முதல் எச்சரிக்கையாயிற்று.

1947ஆம் ஆண்டு ஆவணி, புரட்டாதி மாதங்களில் நடந்த முதற் பாராளுமன்றத் தேர்தலில் 95 இடங்களுள் ஏழினை இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், தலவாக்கொல்லையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம் ஆகியோர் அவ்வெழுவர். வேறு சில தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்ட வாக்குகள் உதவின. அந்த வெற்றியே ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது போலும்.

மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ நிரூபித்தல் வேண்டும். லயத்திற் பிறந்து லயத்தில் இறந்த தந்தைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஏது? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், பிரஜைகள் அல்லாதாரை இடாப்பிலிருந்து நீக்கும் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறின. இவ்வநீதியை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதே ஆண்டில் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

வதிவோர் சட்டத்தின்படி விவாகமானவர் 7 ஆண்டுகளும் ஆகாதவர் 10 ஆண்டுகளும் 1946 தை முதலாந் திகதிக்கு முன் இங்கே தொடர்ந்து வாழ்ந்தமையைக் காட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பிக்க அளிக்கப்பட்டது இரண்டே ஆண்டுகள். காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் புறக்கணித்து, காலம் பெரிதும் கழிந்த பின்னரே விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டியது. முடிவில் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜாவுரிமை பெற்றவரோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. புறக்கணிப்பின் நியாயம் எதுவாயினும், கழிந்த மாதங்கள் திரும்பவில்லை. ஆயத்தத்துக்கு உரிய காலம் முன்னதாகவே வருகிறது என்னும் பாடத்தை நம் முன்னோர் இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

ஒரு பெயருக்காக நடந்த வழக்கொன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். றுவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் கோடக்கன்பிள்ளை என்பவரின் பெயரைச் சேர்க்கப் பதிவதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரி சேர்க்குமாறு பணித்தார். வழக்கு 1951இல் உயர் நீதிமன்றத்துக்கும், பின்னர் இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கும் சென்று, 1953இல் தோல்வியில் முடிந்தது. அதற்கிடையில் 1952ஆம் ஆண்டுத் தேர்தலும் நடந்தேறிவிட்டது. பிரதமர் அலுவலகத்தின் முன் காங்கிரஸ் நூறு நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் செய்தும் பயனில்லை. ஏழு இடங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. 1959இல் தொகுதிகளைப் பிரித்தபோது இம்மக்கள் குடித்தொகையில் எண்ணப்பட்டனர். வாக்காளர் தொகையில் எண்ணப்பட்டாரில்லை. தலையைக் கணக்கெடுத்து, குரலைக் கணக்கில் விட்டனர்.

1964 ஐப்பசியிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். 1947இல் மக்கள் வாக்கால் வென்ற தொண்டமான் மீண்டும் அவ்வாறு வென்றது முப்பது ஆண்டுகளின் பின், 1977இல், நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில். இடைக்காலத்தில் அவர் பாராளுமன்றம் சென்றது நியமன உறுப்பினராகவே. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் நிலை படிப்படியாக நீங்கியது. 1948 முதல் 2003 வரை 55 ஆண்டுகள்! ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, ஓய்வு பெறும் காலம்.

இனி எல்லாம் கிட்டிவிட்டது என்று கருதுவார் உளர். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்த பின்பும், தோட்டப் பாதையைச் செப்பனிட அச்சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இலேதான். வாக்கு இருந்தால் மட்டும் பாதை வந்துவிடாது. ஆனால் வாக்கில்லாதவன் பாதை கேட்டால் செவிசாய்ப்பார் எவருமிலர்.

‘என் ஒரு வாக்கால் என்ன ஆகும்?’ என்று நம் நண்பர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களைக் கடிந்து பயனில்லை. ஏமாற்றத்தின் காரணமாகவே அவர்கள் அவ்வாறு பேசுகின்றனர். ஆனால் பயனற்ற பொருளைப் பறிக்க எவராவது மூன்று சட்டங்கள் இயற்றுவரோ? அப்பொருளின் மதிப்பை நம்மிலும் நன்றாக அறிந்தவர்கள் அதைப் பறித்தவர்களே.

ஆதலின் வாலிபர் செய்ய வேண்டிய ஆயத்தம் யாது? இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன பிள்ளைகள், மணமாகி வேறு தோட்டம் சென்ற பெண்கள், புதிதாய் 18 வயது நிரம்பியோர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் விடுபடுவன. கிராம உத்தியோகத்தரிடம் உரிய காலத்திற் படிவம் கொடுத்தல் வேண்டும். அடையாள அட்டையும் பிறப்பத்தாட்சியும் கையில் இருத்தல் வேண்டும். நாட்கூலி பெறுவோர், வாக்களிக்கச் சம்பளக் குறைவின்றி நான்கு மணி நேரத்துக்குக் குறையாத விடுமுறை கேட்கச் சட்டம் இடந்தருகிறது என்பதை அறிதல் வேண்டும்.

அடுத்தது சீட்டில் அடையாளமிடும் முறை. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி இட்டபின் மூவருக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு அளிக்கலாம்; ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். 2024 புரட்டாதியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பும் எண்ணப்பட்டது. அத்தேர்தலில் 3 இலட்சம் வாக்குகளும், அதே ஆண்டு கார்த்திகையில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் நிராகரிக்கப்பட்டன. மலையிறங்கி வந்து, வரிசையில் நின்று, செல்லாத சீட்டை இட்டுச் செல்வது எத்துணைப் பரிதாபம்!

நம் சங்க அன்பர்கள் கண்டி நகரிலும் அயற் தோட்டங்களிலும் பரந்து வாழ்கின்றனர். திருவிழாக் காலத்தில் வீடு வீடாகச் சென்று உபயம் சேர்க்க நமக்குத் தெரியும். அதே கால்களால், அதே லயங்களுக்கு, தேர்தல் அறிவிக்கப்படுமுன்பே ஒரு முறை செல்வோம். எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அது அவரவர் மனச்சான்றுக்கு உரியது. ‘அம்மா, இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்போம். இல்லையெனில், அது ஏறும்வரை உடனிருந்து உதவுவோம்.