ஏலாக்குறிச்சியிலிருந்து யூனிகோடு வரை

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கும் கணினிக் கோப்புகளுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கக்கூடும். வீரமாமுனிவர் (1680–1747) தங்கிப் பணியாற்றிய ஊர் அது.

அவர் காலத்துச் சுவடிகளில் எகரக் குறிலும் ஏகார நெடிலும் பெரும்பாலும் ஒரே வடிவில் இருந்தன. குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையிலோ புள்ளி அரிதாகவே இடப்பட்டது. எழுதியிருப்பது 'எரி'யா, 'ஏரி'யா என்பதை இடம் நோக்கித்தான் உணர வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவு தந்து இம்மயக்கத்தை நீக்கிய பெருமை முனிவருக்கே உரியதெனக் கூறுவது மரபு.

1990-களில் இதே மயக்கம் கணினியில் மீண்டது. கோப்பில் இருப்பவை எண்களே. எந்த எண் எந்த எழுத்து என்பதைக் குறியாக்கமே முடிவு செய்யும். திஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் மறுபக்கம். ஒரே எண் ஒன்றில் ஓர் எழுத்து, மற்றொன்றில் வேறெழுத்து.

கோப்பைத் திறக்கும் உரைத்தொகுப்பி என்ன செய்யும்? 'விம்' தொகுப்பியை எடுத்துக்கொள்வோம். கோப்பின் தலையில் யூனிகோடு அடையாளக் குறி உண்டா என முதலில் பார்க்கும். இல்லையேல், பைட்டுகள் யூடிஎப்-8 விதிக்குப் பொருந்துகின்றனவா எனச் சோதிக்கும். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. பொருந்தாவிடில், எதையும் மறுக்காத லத்தீன்-1 கடைசிப் புகலிடம். பழைய திஸ்கிக் கோப்பு பொதுவாக அங்கேதான் போய்ச் சேரும். திரையில் தமிழுக்குப் பதிலாகப் புரியாத கிறுக்கல் தெரியும்.

கிறுக்கலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பைட்டுகள் பழுதின்றி உள்ளன. உண்மையான ஆபத்து சேமிக்கும்போதுதான். யூனிகோடு தமிழைத் தமிழறியாத குறியாக்கத்தில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகும்; அந்தக் கோப்பிலிருந்து மூலத்தை மீட்க இயலாது. விண்டோஸ் நோட்பேடு யூடிஎப்-8-ஐ இயல்பிருப்பாக ஏற்றதே 2019-இல்தான்.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. ஆயினும் பழைய குறுந்தட்டுகளில் எத்தனையோ கட்டுரைகளும் கவிதைகளும் உறங்குகின்றன. அவை திஸ்கியா, டாபா என்பதை எழுதியவர் நன்கறிவார். தொகுப்பியோ ஊகிக்க மட்டுமே முடியும். ஆகவே அன்பர்கள் பழங்கோப்புகளின் பெயரோடு குறியாக்கத்தின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். மூலப்படியை அழிக்காமல் யூனிகோடுப் படியொன்றும் எடுத்து வையுங்கள். நினைவுள்ளவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.