தொலைந்த கல்லறை, கிடைத்த சண்டை

பிபிசி 1967 செப்டம்பரில் நாலு வாரம் ஒளிபரப்பிய ஒரு கதையைப் பற்றி டாக்டர் ஹூ ரசிகர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்'. தமிழில் சொன்னால் சைபர்மென்களின் கல்லறை. இனி சுருக்கமாக 'கல்லறை' என்றே சொல்கிறேன். ஒரு கோஷ்டிக்கு இது அந்தத் தொடரின் உச்சம். இன்னொரு கோஷ்டிக்கு, "இதுக்கா இவ்வளவு பில்டப்?" இரண்டு தரப்பும் சொல்வதைப் படித்துப் பார்த்ததில், பாதிச் சண்டை கதையைப் பற்றியதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யார் கையில் எப்போது என்ன இருந்தது என்பதைப் பற்றியது அது.

தொடரைத் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. 1963 நவம்பரில் ஆரம்பித்த பிரிட்டிஷ் தொடர். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் டாக்டர் என்பவர்தான் நாயகன். 1966-இல் அந்த வேடத்துக்கு இரண்டாவதாக வந்தவர் பேட்ரிக் ட்ரௌட்டன். அவர் காலத்தில் புகழ்பெற்ற வில்லன்கள்தான் சைபர்மென். உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாக இயந்திரமாக மாற்றி, கடைசியில் உணர்ச்சியையும் கழற்றிப் போட்டுவிட்ட மனிதர்கள். இவர்களை உருவாக்கிய இருவரில் கிட் பெட்லர் நிஜமாகவே மருத்துவ ஆராய்ச்சியாளர். இன்னொருவர் ஜெர்ரி டேவிஸ். 'கல்லறை'யை எழுதியதும் இவர்கள்தான். இயக்கம் மாரிஸ் பேரி.

கதை சிம்பிள். டீலோஸ் என்ற கிரகத்தில் தொல்லியல் குழு ஒன்று சைபர்மென்களின் கல்லறையைத் தேடி வருகிறது. குழுவில் சிலருக்கு வேறு உள்நோக்கம். கல்லறை திறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் சாகவில்லை, உறைந்து தூங்குகிறார்கள். அடுக்கடுக்கான அறைகளில் மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு சைபர்மென் வெளியே வரும் காட்சியை எதிர்கோஷ்டிக்காரர்களும் குறை சொல்வதில்லை.

முதல் சண்டை ஒளிபரப்பான சூட்டோடு வந்தது. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் இவ்வளவு வன்முறையா என்று புகார். அடிபட்ட சைபர்மேனின் மார்பிலிருந்து நுரை பொங்கும் காட்சி அப்போது நிறையப் பேரை உறுத்தியது. கிட் பெட்லரே பிபிசியின் விவாத நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிவந்தது. தயாரிப்பு மோசம், கதையில் ஓட்டை என்பதெல்லாம் அன்றைக்குப் பேச்சே இல்லை. ஏன் என்பது சுலபம். பிபிசி 1 அப்போது 405 வரிகளில் ஓடிய கறுப்பு வெள்ளைச் சேனல். வீட்டில் சின்னத் திரை. ஒருதடவை போனால் போனதுதான், நிறுத்திப் பார்க்க முடியாது.

அப்புறம் கதையே காணாமல் போனது. வீடியோ டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. கலர் டிவி வந்தபின் பழைய கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்ற நினைப்பு வேறு. அழித்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்து வைத்திருந்த 16 மிமீ பிலிம் பிரதிகளும் 1970-களில் கழித்துக்கட்டப்பட்டன. 1978 வாக்கில் ஒருவழியாக இது நின்றது. பேக்கப் எடுக்காமலே புரொடக்‌ஷன் சர்வரைத் துடைத்த மாதிரி. முதல் ஆறு சீசன்களின் 253 பகுதிகளில் தொண்ணூறுக்கு மேல் இன்றும் இல்லை. அடி பலமாக விழுந்தது ட்ரௌட்டனுக்குத்தான். 1990 நிலவரப்படி அவருடைய முதல் இரண்டு சீசன்களில் முழுதாக ஒரு கதைகூடக் கிடையாது. 'கல்லறை'யின் நாலு பகுதிகளும் காலி.

ஆனால் பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஒளிபரப்பின்போது வீட்டு டேப் ரெக்கார்டரில் சிலர் ஒலியைப் பதிவு செய்திருந்தார்கள். திரையைப் படம்பிடித்த டெலிஸ்னாப் என்ற புகைப்படங்கள் இருந்தன. 1978-இல் ஜெர்ரி டேவிஸ் எழுதிய நாவல் வடிவம் வந்தது. நாவலுக்கு பட்ஜெட் பிரச்சினை ஏது? கல்லறை எவ்வளவு பிரம்மாண்டம் என்பதைப் படிப்பவர் மனசு முடிவு செய்துகொள்ளும். சின்ன வயதில் பயந்துபோய்ப் பார்த்தவர்கள் வளர்ந்து, அந்த பயத்தை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பார்க்காதவர்களும் அதைக் காவியம் என்றார்கள்.

1991 கடைசியில் ஹாங்காங்கின் ஏசியா டெலிவிஷன் நிலையத்திலிருந்து நாலு பகுதிகளும் கிடைத்தன. 1992-இல் விஎச்எஸ் வந்தது, விற்றுத் தீர்ந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கணும். தொடர் 1989 டிசம்பரோடு நின்றுபோயிருந்தது. புதுக்கதை வரும் என்ற நம்பிக்கை இல்லாத நேரத்தில், 25 வருஷப் பழைய கதை ஒன்று புதுக்கதையாக வந்து நின்றது.

இரண்டாவது சண்டை அங்கே ஆரம்பம். இப்போது கையில் ரிமோட். நிறுத்தலாம், திருப்பலாம். டோபர்மேன் என்ற பலசாலியைத் தூக்கி எறியும்போது கம்பி தெரிகிறது. அடிவாங்கும் சைபர்மேன் வெறும் உடுப்பு என்று தெரிகிறது. கதையின் ஓட்டையும் தெரிந்தது. கல்லறை ஆபத்து என்று தெரிந்த டாக்டரே கதவைத் திறக்க ஏன் உதவுகிறார்? கிளீக் என்ற வில்லன் தர்க்கவியல் நிபுணராம். அவன் பூலியன் தர்க்கத்தில் திணறும்போது டாக்டர்தான் சத்தமில்லாமல் கைகொடுக்கிறார். (அண்ட், ஆர் வைத்துப் பூட்டுப் போடும் இந்த இடம் என்னைப்போல் கோடு எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஸ்பெஷல் சிரிப்பு.) ஒரு தரப்பு, "திரைக்கதை அவசரத்தில் எழுதியது" என்றது. இன்னொரு தரப்பு, "இல்லை, வேண்டுமென்றே ஆழம் பார்க்கிறார்" என்றது. இரண்டாவது வாசிப்பு 1967-ஐவிட 1992-க்கு நன்றாகப் பொருந்துகிறது. 1980-களின் கடைசியில் சில்வெஸ்டர் மெக்காய் நடித்த டாக்டர் அப்படித்தான், எல்லாரையும் சதுரங்கக் காய் மாதிரி நகர்த்துபவர். அவரைப் பார்த்த கண்ணோடு பின்னால் போய் ட்ரௌட்டனைப் பார்த்தார்கள்.

மூன்றாவது சண்டை கம்பியைவிடக் கனமானது. டோபர்மேன் கறுப்பினத்தவர். ராய் ஸ்டீவர்ட் நடித்தது. பேச்சு அபூர்வம், வேலைக்காரன், முரட்டு பலம். வில்லத்தனம் செய்யும் இருவரும் அந்நிய உச்சரிப்புக்காரர்கள். அதே வருஷம் முந்தைய கதையில் கெமெல் என்ற ஊமைத் துருக்கியப் பலசாலி வந்துபோனதையும் சேர்த்தால், இது தற்செயல் என்று தள்ள முடியாது. ஆதரவாளர்களின் பதிலிலும் நியாயம் உண்டு. பாதி சைபர்மேனாக மாற்றப்பட்டும் திமிறி மனிதனாக நிற்பவன் டோபர்மேன் மட்டும்தான். கடைசியில் உயிரைக் கொடுத்துக் கதவை மூடுவதும் அவனே. எனக்கு இரண்டும் உண்மை. கதை அவனுக்குத் தியாகம் செய்ய இடம் தந்தது, பேச இடம் தரவில்லை.

சரி, 'கல்லறை' கிடைத்ததால்தான் அதன் மவுசு கொஞ்சம் இறங்கியதா? ஒரு கதையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதே சீசனிலேயே இருக்கிறது.

'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்', ஆறு பகுதிகள், 1967 டிசம்பர் 23 முதல் 1968 ஜனவரி 27 வரை ஓடியது. டாக்டராகவும் சலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் ட்ரௌட்டனுக்கு இரட்டை வேடம். பல வருஷம் பிபிசியிடம் தப்பியிருந்தது மூன்றாவது பகுதி மட்டும். அதில் பெரும்பாலும் நடைவழி, சமையலறை, எரிந்துவிழும் ஒரு சமையல்காரர். அதை வைத்து, "வளவளவென்று பேசும் கதை, ராட்சசர் யாருமில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள். 2013 அக்டோபரில், பிலிப் மாரிஸ் நைஜீரியாவில் கண்டெடுத்த மற்ற ஐந்து பகுதிகளும் வெளியாயின. முதல் பகுதியிலேயே கடற்கரை, ஹோவர்கிராஃப்ட், ஹெலிகாப்டர்! பாதியில் கதை அடியோடு திரும்புகிறது. ட்ரௌட்டனின் சலமாண்டரைப் பார்த்தவர்கள் ஒரே வாரத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஒன்று முழுதாகத் தொலைந்து காவியமானது, கிடைத்ததும் சற்று இறங்கியது. மற்றது மோசமான துண்டு மட்டும் மிஞ்சிப் பெயர் கெட்டது, கிடைத்ததும் ஏறியது. இரண்டிலும் மாறியது கதை இல்லை, ஆதாரம். ஒன்றுமே மிஞ்சாதது நினைவின் தயவில் வாழ்கிறது. கொஞ்சம் மிஞ்சியது அந்தக் கொஞ்சத்தின் தலையெழுத்தில் மாட்டுகிறது.

'கல்லறை'க்கு என் ஓட்டு என்ன என்று கேட்பீர்கள். கம்பியை மன்னித்துவிட்டேன். தந்தையை இழந்த விக்டோரியாவிடம் டாக்டர் தன் குடும்பத்தின் நினைவு பற்றித் தணிந்த குரலில் பேசும் ஒரு காட்சி இருக்கிறது. ராட்சசர் யாரும் இல்லை, செட் முக்கியமில்லை. 2010-இல் டாக்டரான மேட் ஸ்மித் இந்தக் கதையைப் பார்த்து ட்ரௌட்டனிடம் மயங்கியதாகச் சொன்னது ஆச்சரியமே இல்லை. இந்த முகத்தை ஒலிநாடாவோ நாவலோ நமக்குத் தந்திருக்காது. கிடைத்ததால் 'கல்லறை' இழந்தது பிரம்மாண்டத்தை. பெற்றது ட்ரௌட்டனை.

ஆகவே ஒரு பழைய விமர்சனத்தைப் படித்தால், எழுதியவர் என்ன சொன்னார் என்பதோடு, அப்போது அவர் எதைப் பார்த்திருக்க முடியும் என்றும் கேட்டுவிடுங்கள். இன்றைக்கும் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆறு பகுதிகளும் இல்லாமலே மகுடத்தோடு இருக்கிறது. 'தி ஸ்பேஸ் பைரேட்ஸ்' ஒரே ஒரு பகுதி மிஞ்சி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கே ஏதாவது நிலையத்தின் பரணிலிருந்து பிலிம் டப்பா இறங்கினால் இரண்டும் இடம் மாறலாம். அதுவரை அந்த ரேங்க் பட்டியலைப் பென்சிலில் எழுதி வைப்பதே நல்லது.