மோரே பிளேஸ்: தனிவீட்டை மறைக்கும் தொடர்வீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளாஸ்கோ நகரின் நடுத்தர வர்க்கத்தார் பலர், ஆலைப்புகையும் நெரிசலும் மிகுந்த நகர மையத்தை விட்டு வெளியேறிப் புறநகர்களில் குடியேறத் தொடங்கினர். அந்நகர்வில் உருவான தென்புறக் குடியிருப்புகளுள் ஒன்று ஸ்ட்ராத்பங்கோ. அங்கு 1859–1861 காலத்தில் கட்டப்பட்ட மோரே பிளேஸ், பக்கச்சுவர்களைப் பொதுவாகக் கொண்டு ஒட்டி நிற்கும் பத்து வீடுகளின் வரிசையாகும். இதனை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் தாம்சன் (1817–1875). 'கிரேக்கத் தாம்சன்' எனப் பெயர் பெற்ற அவர் கிரேக்க மண்ணை மிதித்தவர் அல்லர். அச்சு நூல்களின் வழியாகவே கிரேக்கமும் எகிப்தும் அவரை வந்தடைந்தன.

விக்டோரியா காலத் தொடர்வீடுகளில் புடைத்த சாளரம், முகப்பு மண்டபம் போன்ற உறுப்புகள் ஒவ்வொரு வீட்டையும் தனித்துக் காட்டுவது பெருவழக்கு. தாம்சன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். வரிசையின் இரு முனைகளிலும் உள்ள வீடுகள் சற்றே முன்தள்ளி, கோயில் முகப்பைப் போல முக்கோண முகட்டுடன் அமைகின்றன. இடைப்பட்ட எட்டு வீடுகளின் மேல்தளத்திலோ ஒரே அளவான சதுரத் தூண்கள் இடையறாது ஓடுகின்றன. தூண்களின் இடைவெளிகளுள் சிலவற்றில் சாளரங்கள் உள்ளன. சிலவற்றில் வெறும் சுவரே உள்ளது. பக்கச்சுவர் எங்கு வந்தாலும் தூண்களின் சீர் பிசகுவதில்லை. எனவே மேல்தளத்தை மட்டும் பார்ப்பவரால் ஒரு வீடு எங்கு முடிந்து மற்றொன்று எங்குத் தொடங்குகிறது என்று கூற இயலாது. இச்சதுரத் தூண்களுக்கு மூலமாக ஏதென்சின் திராசில்லஸ் நினைவுச்சின்னமும், அதன் வடிவத்தைக் கையாண்ட ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஷிங்கெலின் படைப்புகளும் சுட்டப்படுகின்றன. ஆயினும் வாழிட வரிசை ஒன்றின் தனிவீடுகளைக் கரைப்பதற்கு அவ்வடிவத்தைப் பயன்படுத்தியது தாம்சனின் சொந்தச் சிந்தனை என்றே கொள்ள வேண்டும். தாம்சன் தமக்கென எடுத்துக்கொண்டது முதலாம் எண் வீடு, அதாவது தனித்துத் தெரியும் இரு முனைவீடுகளுள் ஒன்று! இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார்.

ஸ்காட்லாந்தின் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுள் மோரே பிளேஸ் மிக உயர்ந்த 'ஏ' வகையைச் சேர்ந்தது. அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் எதற்கும், உட்புறமாயினும், முன் இசைவு தேவை. இங்கு இக்கட்டுப்பாடு கூடுதல் பொருள் பெறுகிறது. பிற தொடர்வீடுகளில் ஒருவர் சாளரத்தை மாற்றினால் அவர் வீட்டின் அழகே பெரிதும் குறையும். இங்கோ முழு வரிசையின் சீரும் உடையும். சொத்துரிமை வீட்டுக்கு வீடு பிரிந்திருக்க, கட்டடக்கலை பிரிக்கவியலாததாக இருக்கிறது.

எனினும் சட்டத்தால் மட்டும் இவ்வரிசை பிழைத்தது எனல் பொருந்தாது. தாம்சனின் குவீன்ஸ் பார்க் தேவாலயம் 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. கலிடோனியா சாலைத் தேவாலயம் வழிபாடு நின்றபின் 1965இல் தீக்கிரையாகி, கோபுரமும் சுவர்களுமாக எஞ்சியது. யூனியன் தெருவிலுள்ள 'எகிப்திய மண்டபங்கள்' என்னும் வணிகக் கட்டடமும் 'ஏ' வகையினதே. அதன் மேல்தளங்களோ நெடுங்காலம் ஆளின்றிச் சிதைந்தன. மோரே பிளேஸில் மட்டும் குடியிருப்பு தொடர்ந்தது. 1991இல் அலெக்சாண்டர் தாம்சன் சங்கத்தைத் தோற்றுவித்த கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கேவின் ஸ்டாம்ப், தாம்சன் வாழ்ந்த அதே முதலாம் எண் வீட்டில் குடியிருந்தவர்.