இராஜபாளையமும் மொழிகளின் கூட்டுவாழ்வும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், தமிழும் தெலுங்கும் பல தலைமுறைகளாக அருகருகே வழங்கிவரும் நகரமாகும். இந்நகரில் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, சென்னையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, தெலுங்கு மாவட்டங்களைத் தனி மாநிலமாகப் பிரிப்பதற்கான குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாநில எல்லைகளை மொழிவழி அமைக்கலாமா, அமைத்தால் எல்லைக்குள் வாழும் பிறமொழியாளரின் நிலை என்ன என்னும் இரு கேள்விகளையும் இந்நகரின் வரலாற்றைக் கொண்டு அறியலாம்.

இரு மொழிகளின் வட்டாரம்

விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் மக்கள் பலர் தமிழகத்தின் தென் மாவட்டங்களில் குடியேறினர். அவர்களுள் ஒரு பிரிவினரான ராஜுக்கள் இராஜபாளையத்தில் நிலைபெற்றனர். வீட்டில் தெலுங்கும், கடைத்தெருவிலும் பள்ளியிலும் தமிழும் பேசுவது அவர்களின் இயல்பான வழக்கமாயிற்று.

அருகிலுள்ள திருவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊராகப் போற்றப்படுகிறது. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) ஆண்டாளின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். தமிழ்ப் பக்தி மரபின் கதை ஒன்று தெலுங்கு இலக்கியத்தின் பெருங்காவியமாக மாறியது, இவ்விரு மொழிகளுக்கும் இடையே நிலவிய உறவுக்குச் சான்றாகும்.

குமாரசுவாமி ராஜா

குமாரசுவாமி ராஜா 1898-ஆம் ஆண்டு இராஜபாளையத்தில் ராஜு குடும்பம் ஒன்றில் பிறந்தார். காந்தியடிகளின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு காங்கிரசில் பணியாற்றினார். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் பயணம் செய்த காந்தியடிகள் 1934 சனவரியில் இராஜபாளையத்துக்கும் வந்தார். ஒரே ஊரில் வாழும் மக்களுக்குள் உயர்வு தாழ்வு கூடாது என்னும் அவருடைய கருத்து, கூட்டுவாழ்வு என்பது மொழியைப் பற்றியது மட்டுமன்று என்பதை நினைவூட்டியது.

1949 ஏப்ரலில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை அடுத்துக் குமாரசுவாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1950 சனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அப்பதவி முதலமைச்சர் என்று பெயர் பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழ் மாவட்டங்களுடன் ஆந்திர, இராயலசீமைப் பகுதிகளும், மலையாளம் பேசும் மலபாரும், கன்னடம் வழங்கிய தென் கன்னடம், பெல்லாரி ஆகிய மாவட்டங்களும் அடங்கியிருந்தன.

பிரிவினைக் குழு

ஆந்திர மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்துவந்தது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அடங்கிய காங்கிரசுக் குழு 1949-இல் தன் அறிக்கையை அளித்தது. மொழிவழி மாநிலங்களை உருவாக்குவதைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கலாம் என்று அது கூறியது. ஆயினும் சென்னை நகரின் மீதான உரிமையைக் கைவிட்டால் ஆந்திர மாநிலத்தைத் தனியே கருதலாம் என்றது.

இதைத் தொடர்ந்து, அதே ஆண்டில் குமாரசுவாமி ராஜாவின் தலைமையில் பிரிவினைக் குழு அமைக்கப்பட்டது. தமிழ், தெலுங்குப் பகுதிகளின் தலைவர்கள் இதில் இடம்பெற்றனர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் இக்குழுவின் தலைவராக இருந்தது குறிப்பிடத்தக்கது. நிலப்பகுதிகளைப் பிரிப்பதைவிடத் தலைநகரைப் பற்றிய சிக்கலே பெரிதாயிற்று. ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் சென்னை நகரம் குறித்துத் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே பதிவு செய்தார். உடன்பாடு ஏற்படாததால் அப்போது ஆந்திரம் உருவாகவில்லை.

1952 பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர் தொகுதியில் போட்டியிட்ட குமாரசுவாமி ராஜா தோல்வியடைந்தார். அவருக்குப்பின் இராஜாஜி முதலமைச்சரானார். அவ்வாண்டு திசம்பர் 15 அன்று, தனி ஆந்திரம் கோரி உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் தமிழ்ப் பகுதியுடனேயே இருந்தது.

குமாரசுவாமி ராஜா 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். 1936-இலேயே மொழியை அடிப்படையாகக் கொண்டு தனி மாகாணமாக்கப்பட்ட பகுதி அது. இராஜபாளையத்திலிருந்த தம் இல்லத்தைப் பொதுப்பணிக்கு அவர் அளித்தார். அது காந்தி கலைமன்றமாக விளங்குகிறது. 1957-இல் அவர் காலமானார்.

எல்லைக்குள் பிறமொழியாளர்

1956 நவம்பர் 1 அன்று நாடு முழுவதும் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டன. பெரும்பான்மையோர் தம் மொழியிலேயே ஆட்சியையும் கல்வியையும் பெற இது வழிவகுத்தது. ஆனால் எந்த எல்லையை வகுத்தாலும் இராஜபாளையம் போன்ற ஊர்கள் இருபுறமும் இருக்கவே செய்யும். பல நூற்றாண்டுகளாகக் கலந்து வாழும் மக்களைக் கோடு போட்டுப் பிரிக்க இயலாது.

இதனை உணர்ந்தே, தம் மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 29-ஆம் உறுப்பும், சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை 30-ஆம் உறுப்பும் அளித்தன. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350அ உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அதே ஆண்டில் இப்பாதுகாப்பும் வந்தது என்பது கருதத்தக்கது.

பள்ளியில் பல மொழிகள்

சட்டத்தில் உள்ள இவ்வுரிமை பள்ளிகளில்தான் நடைமுறைக்கு வருகிறது. மாணவர்களுக்கான எழுத்துப் போட்டிகளும் இதற்கு இடமளிக்கின்றன. இந்திய அஞ்சல் துறை 2017-இல் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதும் போட்டி ஒன்றை நாடு முழுவதும் நடத்தியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ வட்டார மொழியிலோ எழுதலாம் என்பது விதி.

ஒரு தலைவரின் அரசியல் சிந்தனையைப் பற்றி எழுதும் மாணவர் மொழிக்குத் தடுமாறினால், கருத்து பாதியிலேயே நின்றுவிடும். தாம் நன்கறிந்த மொழியில் எழுதும்போது, தம் ஊரையும் வீட்டையும் சான்றாகக் காட்டி அவரால் வாதிட முடிகிறது. பல மொழிகளில் வந்த எழுத்துகளை ஒரே அளவுகோலால் மதிப்பிட, அம்மொழிகளை அறிந்த நடுவர்கள் தேவை. அதற்கான உழைப்பும் செலவும் கூடுதல்தான். ஆயினும் பிறமொழியாளருக்கும் சம இடம் தருவது என்னும் கொள்கை, இத்தகைய சிறு ஏற்பாடுகளால்தான் மாணவர்களைச் சென்றடைகிறது.